பட்டறை ஓவியத்தில் ஒருவர்கூட வலது கையால் அடிக்கவில்லையே, ஏன்?

ஆவணி வீதி வாசகர் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்தில் பழைய தொழில்களைப் பற்றிச் சிறிய படக்காட்சி ஒன்றை வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். பழைய புத்தகக் கட்டு ஒன்றிலிருந்து கிடைத்த வண்ணப்படம் ஒன்றை அதில் முதலாவதாக மாட்ட விரும்புகிறேன். படத்தின் கீழ் ஓரம் எப்போதோ நறுக்கப்பட்டுவிட்டதால் தலைப்பு இல்லை. ஆயினும் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்காகத் தென்னாட்டு ஓவியர்கள் வரைந்து கொடுத்த தொழிலாளர் படங்களின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது.

நாற்புறமும் திறந்த ஓலைக் கொட்டகையில் ஐந்து ஆண்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் இரண்டு தோல் துருத்திகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். இன்னொருவர் குறட்டால் மூசையை (உலோகம் உருக்கும் மண்கலத்தை) பிடித்து உலையிலிருந்து எடுக்கிறார். மூன்றாமவர் இரும்பு அடைக்கல்லின் மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார். மற்ற இருவரில் ஒருவர் கயிறு போன்ற ஒன்றை இரு கைகளாலும் பற்றி இழுக்க, எதிரே இருப்பவர் நீண்ட கம்பி ஒன்றைக் காலால் அணைத்துப் பிடித்திருக்கிறார். ஓரத்தில் ஒரு சிறுவன் சல்லடையும் கையுமாக இருக்கிறான். எல்லோருடைய வேட்டியும் தும்பைப்பூ நிறத்தில் இருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. சுத்தியல் பிடித்தவர், குறடு பிடித்தவர், கம்பி பிடித்தவர் என மூவருமே இடது கையையே முதற்கையாகப் பயன்படுத்துவது எப்படி? துருத்தியின் வாய்க்கும் உலைக்கும் இடையே ஒரு முழம் வெற்றுத் தரை இருக்கிறதே, காற்று எந்த வழியாகப் போகும்? ஓவியர் பட்டறையை நேரில் பார்க்காமலே வரைந்துவிட்டார் என்று நான் எழுதி மாட்டிவிடலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வெண்கலக்கடைத் தெருக்காரர்:

ஐயா, இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை வைத்து ஓவியரைக் குறை கூறினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். நான் பாத்திரப் பட்டறையில் வளர்ந்தவன். தரை உலையில் துருத்தியின் வாய் நேராக நெருப்பைத் தொடாது. தொட்டால் தோல் பொசுங்கிவிடும். சுட்ட மண்ணால் செய்த குழல் ஒன்றைத் தரைக்கு அடியில் புதைத்து, அதன் ஒரு முனையை உலைக்குழியின் அடியிலும் மறுமுனையைத் துருத்திக்கு முன்னும் வைத்து, மேலே மண்ணைப் போட்டு மெழுகிவிடுவார்கள். எனவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஒரு முழம் வெற்றுத் தரையாகத்தான் தெரியும். பட்டறையைப் பார்க்காமல் வரைபவராக இருந்தால், உங்களைப் போலவே ஐயப்பட்டு, துருத்தியையும் நெருப்பையும் இணைக்க ஒரு குழாயைக் கற்பனையாக வரைந்திருப்பார். அவர் வரையாமல் விட்டதே நேரில் பார்த்ததற்குச் சான்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு துருத்திகளில் ஒன்று உப்பியும் மற்றது சுருங்கியும் இருக்கிறதா? ஆட்டுத்தோல் துருத்தியின் மேல்வாயில் இரண்டு மூங்கில் பட்டைகள் இருக்கும். கையை விரித்துத் தூக்கினால் வாய் திறந்து காற்று உள்ளே புகும். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து அமுக்கினால் காற்று குழலுக்குள் போகும். ஒரு கை தூக்கும்போது மறு கை அமுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் காற்று விடாமல் போய் உலையின் சூடு இறங்காமல் நிற்கும். செம்பு உருக 1084 டிகிரி செல்சியஸ் வேண்டும். இடையிடையே மூச்சு வாங்கும் ஒற்றைத் துருத்தியைக் கொண்டு அந்தச் சூட்டை எட்டுவது கடினம்.


ஆவணி வீதி வாசகர்:

ஒன்று உப்பியும் மற்றது சுருங்கியும்தான் இருக்கின்றன. சுருங்கிய துருத்தியின் பக்கம் அவருடைய தோள் தாழ்ந்திருப்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். மிக்க நன்றி, தம்பி.


நாகமலை ஓவிய ஆசிரியை:

இடது கை பற்றிய ஐயத்துக்கு விடை காண, முதலில் பூணூலைப் பாருங்கள். பொன், செம்பு, இரும்பு முதலியவற்றில் வேலை செய்யும் கம்மாளர் பூணூல் அணியும் வழக்கம் உடையவர்கள். அது இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்க வேண்டும். நீத்தார் கடன் செய்யும்போது மட்டுமே வலது தோளுக்கு மாறும். உங்கள் படத்தில் எந்தத் தோளில் இருக்கிறது?


ஆவணி வீதி வாசகர்:

நால்வருக்கு வலது தோளில் இருக்கிறது, அம்மா. துருத்திக்காரருக்குத் துண்டு மறைக்கிறது.


நாகமலை ஓவிய ஆசிரியை:

அப்படியானால் ஐயமே வேண்டாம். படம் இடம் வலமாக மாறியிருக்கிறது. நால்வரும் ஒரே நேரத்தில் பிதிர்க்கடன் கோலத்தில் அமர்ந்து குடம் தட்டுவதற்கு வாய்ப்பில்லை.

உங்களிடம் இருப்பது மூல ஓவியமாக இராது என்று கருதுகிறேன். அது ஓவியத்தைப் பார்த்துப் படியெடுத்த கல்லச்சுப் படமாக இருக்க வேண்டும். கல்லச்சில் கல்லின் மேல் எப்படி வரைகிறோமோ அதற்கு மாறாகத்தான் தாளில் விழும். இதை அறிந்த கைத்தேர்ச்சியாளர் கல்லின் மேல் திருப்பி வரைவார். எழுத்தை மாற்றி எழுதியே ஆக வேண்டும் என்பதால் அதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். உருவங்களை மட்டும் வரையும்போது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நேராகவே படியெடுத்துவிடுவதும் உண்டு. கோட்டுக்கு வெளியே வண்ணம் வழிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். வழிந்திருந்தால் கறுப்புக் கோட்டை அச்சிட்டபின் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படி இருக்குமானால் இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடு ஒருவருடையது, வண்ணம் வேறொருவருடையது. மூல ஓவியர் பட்டறையைப் பார்த்திருக்கலாம். கல்லில் படியெடுத்தவர் அந்த ஓவியத்தைப் பார்த்திருக்கலாம். வண்ணம் தீட்டியவரோ ஒரு மாதிரித் தாளை மட்டுமே பார்த்திருப்பார். எனவே குடம் மஞ்சளாக இருக்கிறது, ஆகவே அது பித்தளை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.


தல்லாகுளம் மாணவர்:

ஆசிரியை அம்மா சொல்வது சரியெனவே எனக்கும் படுகிறது. இந்த வகைப் படங்களின் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படக்காட்சிக்கு அது தேவைப்படும்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியர்களுக்காகத் தொகுதி தொகுதியாகச் சாதி, தொழில் படங்களை வரைந்து விற்றார்கள். பெரும்பாலும் கணவனும் மனைவியும் தொழிற்கருவிகளுடன் நிற்பது போல இருக்கும். திருச்சிராப்பள்ளியில் இதே வகைப் படங்களை மெல்லிய அபிரகத் (மைக்கா) தகட்டில் தீட்டினார்கள். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இவை இன்று நிறையவே இருக்கின்றன. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1837-இல் மதுரையில் 72 படங்கள் கொண்ட சாதித் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. அமெரிக்க மதப்பரப்பாளர்கள் இங்கே நடத்திய ஆங்கிலப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்த இந்தியர் ஒருவர் அதைத் தொகுத்தார். படங்களுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அது இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இத்தகைய தொகுதிகள் விற்பனைக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஒரு தொகுதியில் நன்றாக அமைந்த உருவத்தை அடுத்த தொகுதிக்கும், அதற்கடுத்த தொகுதிக்கும் படியெடுப்பார்கள். வெண்கலக்கடைத் தெரு அண்ணன் துருத்தியின் நேர்த்தியைக் காட்டி ஓவியர் நேரில் பார்த்தார் என்கிறார். யாரோ ஒருவர் எப்போதோ நேரில் பார்த்திருக்கிறார் என்பதை மட்டுமே அது மெய்ப்பிக்கிறது. அவர்தான் இந்தப் படத்தை வரைந்தவர் என்று அதிலிருந்து பெற முடியாது.

ஒப்பிடுவதற்கு இன்னொன்றையும் சொல்கிறேன். 1870-இல் ஜான் லாக்வுட் கிப்ளிங் அரசாங்கத்தின் ஏற்பாட்டில் வட இந்தியாவில் சுற்றிக் கைவினைஞர்களை வரைந்தார். அவற்றில் கைவினைஞர் தம் வேலையில் குனிந்திருக்கிறார். நம் பக்கத்து ஓவியங்களிலோ தொழிலாளி பார்ப்பவருக்காகத் தம் கருவியை ஏந்திக் காட்டுகிறார்.


வெண்கலக்கடைத் தெருக்காரர்:

தம்பி, இந்தப் படத்தில் யாரும் கருவியை ஏந்திக் காட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லோருடைய கண்ணும் வேலையின் மேல்தான் இருக்கிறது.

கயிறு இழுப்பவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது கடைசல் வேலை. குடத்தை அரக்கு வைத்து ஓர் உருளைக் கட்டையின் முனையில் ஒட்டி, அந்தக் கட்டையில் தோல் வாரைச் சுற்றி, ஒருவர் வாரின் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். கட்டை ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் சுழலும். எதிரே இருப்பவர் எஃகு உளியைக் கால் விரலாலும் கையாலும் பிடித்து, குடம் தம்மை நோக்கிச் சுழலும் நேரத்தில் மட்டும் மேற்பரப்பில் அழுத்திச் சுரண்டுவார். மறு சுற்றில் மெல்ல விலக்கிக்கொள்வார். இழுப்பவரும் உளி பிடிப்பவரும் ஒரே தாளத்தில் இல்லாவிட்டால் குடத்தில் பள்ளம் விழுந்துவிடும். மின் மோட்டார் வருவதற்கு முன் எங்கள் பெரியவர்கள் இப்படித்தான் கடைந்தார்கள். நீங்கள் கம்பி என்று எழுதியிருப்பது அந்த உளிதான், ஐயா. உளியைக் கால் விரல் அணைத்திருப்பதை வரைந்தவர் மாதிரித் தாளிலிருந்து அதைக் கற்றிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.


தல்லாகுளம் மாணவர்:

மூல ஓவியரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்க எனக்குத் தடையில்லை, அண்ணா. ஆயினும் அவர் பார்த்ததை அப்படியே வரைந்தார் என்று மட்டும் நான் ஒப்பமாட்டேன். உருக்குதல், தட்டுதல், கடைதல், சலித்தல் ஆகிய நான்கும் ஒரே கொட்டகையில், ஒரே நேரத்தில், அருகருகே நடக்குமா?


வெண்கலக்கடைத் தெருக்காரர்:

நடக்காது. கடைசல்காரர் பக்கத்தில் கரித்தூள் பறந்தால் பளபளப்பு கெட்டுவிடும். உருக்கும் நாளில் பட்டறையில் மற்ற வேலைகளை நிறுத்திவிடுவோம். அந்த வகையில் ஓவியர் பல நாள் வேலையை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்.


நாகமலை ஓவிய ஆசிரியை:

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். உலோகத்தின் சூட்டை நிறத்தைக் கொண்டுதான் அறிவார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகிவிடும், மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகவே இடையிடையே நெருப்பில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி இளக்க வேண்டும். அந்த மங்கிய சிவப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் பழைய பட்டறைகள் அரையிருளில் இருந்தன. நாற்புறமும் திறந்த கொட்டகையை ஓவியர் அமைத்தது ஆறு உருவங்களையும் வாங்குபவருக்குத் தெளிவாகக் காட்டுவதற்காகத்தான். புகையையும் கரியையும் நீக்கி வேட்டிகளை வெளுத்தது போலவே சுவர்களையும் நீக்கிவிட்டார். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பட்டறை வேலை என்பது நிழலில் அமர்ந்து செய்யும் இதமான வேலை என்று எண்ணிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. துருத்திக்காரரின் கண்ணும் நுரையீரலும் என்ன ஆயின என்பதை எந்தத் தொகுதியும் வரைந்து வைக்கவில்லை.


மேலூர் வாசகி:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சல்லடையுடன் இருக்கும் சிறுவனைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அவன் சலிப்பது உலைச் சாம்பல். உருக்கும்போதும் ஊற்றும்போதும் சிந்தும் உலோகம் சிறு சிறு மணிகளாகச் சாம்பலில் கலந்துவிடும். சாம்பலைச் சலித்து, பிறகு தண்ணீரில் அலசினால் சாம்பல் மிதந்து போக, மணிகள் அடியில் தங்கும். அவற்றை மறுபடியும் மூசையில் போடுவார்கள். நகைப் பட்டறையில் இது இன்னும் கண்டிப்பாக நடக்கும். அங்கே தரையைக் கூட்டிய தூசி கூட விலைபோகும். அதை வாங்கி அரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் இந்த வேலை பெண்களுடையது. சாம்பல் சலித்தது, மூசைக்கு மண்ணையும் உமிக்கரியையும் சேர்த்துப் பிசைந்தது, கரி உடைத்தது, முடிந்த பாத்திரத்தைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தது ஆகிய அனைத்தையும் என் பாட்டியும் அவருடைய நாத்தனார்களும் செய்திருக்கிறார்கள். ஜோடிப் படங்களில் மனைவி நிற்கிறாள் என்று மாணவர் தம்பி எழுதினார். அங்கே அவள் நகையும் சேலையும் காட்டுவதற்காக நிற்கிறாள். பட்டறைப் படத்திலோ அவளுக்கு இடமே இல்லை. அவளுடைய வேலை மட்டும் சிறுவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தின் கீழே இதைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று ஐயாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.


ஆவணி வீதி வாசகர்:

கட்டாயம் எழுதுகிறேன், அம்மா. பூதக்கண்ணாடியால் பார்த்தேன்; குடத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. கையால் தீட்டிய வண்ணம்தான். அப்படியானால் குடம் செம்பா பித்தளையா என்பதை வேறு எதைக் கொண்டும் அறிய வழியில்லையா?


வெண்கலக்கடைத் தெருக்காரர்:

வெண்கலம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் இப்படித் தட்டினால் விண்டுபோகும். வெண்கலப் பானையும் உருளியும் வார்ப்பு வேலை. செம்பா பித்தளையா என்பதற்கு மூசையைப் பார்க்க வேண்டும். செம்புத் தகட்டை வாங்கித் தட்டுகிறவருக்கு மூசை அவ்வளவாகத் தேவைப்படாது. பித்தளை கூட்டுகிறவருக்கு அது இன்றியமையாதது. அதிலும் மூடியிட்ட மூசையாக இருந்தால் பித்தளை என்றே சொல்வேன். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். செம்பு உருகுவதற்கு முன்பே அது பறந்துவிடும் என்பதால் செம்பை உருக்கியபின் துத்தநாகத்தைப் போட்டு உடனே மூட வேண்டும். குடத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறதா? இருந்தால் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியே தட்டி, வெண்காரமும் பற்றாசுப் பொடியும் வைத்து ஊதி ஒட்டியிருக்கிறார்கள்.


தல்லாகுளம் மாணவர்:

செம்பும் நம் மண்ணில் பெரிய அளவில் கிடைத்ததில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்கள் ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். பின்னர் ஐரோப்பியச் செம்பும் தகடும் வந்தன. கொட்டகை நம் ஊர்க் கொட்டகை, உலோகமோ கடல் கடந்தது.


நாகமலை ஓவிய ஆசிரியை:

எனக்கு இந்தப் படங்களில் உள்ள பெருங்குறை ஒன்றே ஒன்றுதான்: சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் நம் அழகர்மலைக் குகையில் சமணத் துறவியருக்குக் கற்படுக்கை வெட்டக் கொடை அளித்த மதுரைப் பொற்கொல்லன் தன் பெயரைத் தமிழி என்னும் பழைய எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறான். மதுரைக்காஞ்சியில் வரும் அங்காடித் தெருவில் செம்பை நிறுத்து வாங்குபவர்களும், கண்ணுள் வினைஞர் எனப்படும் ஓவியர்களும் சில அடிகளுக்குள்ளேயே ஒன்றாக நிற்கிறார்கள். ஒரே தெருவில் பழகியவர்கள். அப்படிப் பழகியவர், வாங்குபவர் கேட்டதற்காகத் தம் தெருக்காரரின் பெயரை விட்டுவிட்டு வரைய நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.


தல்லாகுளம் மாணவர்:

ஓவியருடைய பெயரும்தான் இல்லை, அம்மா. இரண்டு பேரும் ஒரே நிலையில்தான் இருந்திருக்கிறார்கள். ஓவியத்தை விட்டுப் பொருளையே பார்க்கச் சொல்வதும் நல்லது. மீனாட்சியம்மன் கோயிலில் மருது சகோதரர்கள் அளித்ததாகச் சொல்லப்படும் 1008 விளக்குத் திருவாசி இருக்கிறது. இந்தப் படவகை செழித்த அதே காலத்துப் பித்தளை வேலை அது. படத்தைப் பார்த்த பிள்ளைகள் அதையும் போய்ப் பார்த்தால் கருவியும் கைவேலையும் சேர்ந்து விளங்கும்.


ஆவணி வீதி வாசகர்:

குடத்தின் வயிற்றில் கோடு இருக்கிறது. மூசையின் மேல் தட்டையான மூடி போன்ற ஒன்றும் தெரிகிறது. ஆயினும் அது நிழலாகவும் இருக்கலாம். எனவே பித்தளை என்று கொள்வதற்கான காரணத்தை எழுதி, முடிவைப் பார்ப்பவரிடமே விடுகிறேன்.

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பெரிதாக அச்சிட்டு, அதன் பக்கத்தில் எனக்குக் கிடைத்த வடிவத்தையும் சிறிதாக வைக்கிறேன். பூணூலை வைத்து எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கருவிகளுக்கு வெண்கலக்கடைத் தெருத் தம்பி சொன்ன பெயர்களையே இடுகிறேன். உருக்கும் வேலையும் கடைசலும் ஒரே நாளில் நடப்பவை அல்ல என்பதும், சாம்பல் சலித்தவர்கள் பெண்கள் என்பதும் தனித்தனி வரிகளாக வரும். ஓவியர் நேரில் பார்த்தாரா என்பதில் தம்பி, மாணவர் ஆகிய இருவர் கருத்தையும் அப்படியே போடுகிறேன்.

தம்பி, பழைய கருவி ஏதேனும் உங்களிடம் இருந்தால் படத்தின் கீழே வைக்கத் தர முடியுமா?


வெண்கலக்கடைத் தெருக்காரர்:

அடைக்கல்லும் கடைசல் உளி இரண்டும் இருக்கின்றன, ஐயா. உலைக்குழல் ஒன்றும் பரண் மேல் கிடக்கிறது. அடைக்கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். குழல் மண்ணால் ஆனது, ஒரு முனை ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது; வைக்கோல் நிரப்பிய பெட்டி கொண்டுவாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த நாளும் பட்டறையில்தான் இருப்பேன்.